உஷார்! கெட்ட ஞாபகத்துக்குத் தீனி போடாதீங்க

வடக்குத்து, இந்திரா நகர், ஆர்ச் கேட் பக்கம் குடியிருப்பவர்களே, இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஜூலை 1-ஆம் தேதியை இன்னும் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவரைக் கண்டதும், "அண்ணே, அன்னிக்கு நீங்க உள்ளதான இருந்தீங்க? என்னதான் நடந்துச்சு, சொல்லுங்களேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். டீக்கடையில் கேட்காதீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்பது தெரியும். நீங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அவர் அன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டார்.

அந்த வருஷம் நெய்வேலியில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். மே 7-ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஒரு பாய்லர் விபத்து. அதே நாள் விடியற்காலையில்தான் விசாகப்பட்டினத்தில் விஷவாயு கசிந்தது. நாடே அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால், நெய்வேலியின் அழுகை வெளியே அதிகம் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஜூலை 1 காலையில் அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மறுபடியும். ஆறு பேர் உடனே போனார்கள். தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகப் போனார்கள். ஊரடங்குக் காலம் அது. கூட்டம் கூடக் கூடாது, கட்டிப்பிடித்து அழக் கூடாது. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட உறவுக்காரர்கள் வந்துசேர முடியாத நேரம். அழுது தீர்க்க வேண்டியதை அழ முடியாமல் போன வீடுகள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் அந்த நாள் இன்னும் முடியவில்லை.

அதனால்தான் எச்சரிக்கை. ஒரு கெட்ட நினைவு இருப்பது ஆபத்தில்லை. மனுஷனாகப் பிறந்த எல்லாருக்கும் அது இருக்கும். அதை ஓயாமல் கிளறி, அதற்குத் தீனி போட்டு வளர்ப்பதுதான் ஆபத்து. தீனி போடுகிறோம் என்பதே தெரியாமல் நம்மில் பலர் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் 1989 அக்டோபர் 17-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்து வைத்திருந்தார். வேறு எதற்காகவோ கேட்ட கேள்வி. நிலநடுக்கம் முடிந்து பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். "எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி ஆனேன்" என்று உட்கார்ந்து அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்கள்தான் ஏழு வாரம் கழித்தும் அதிகம் துவண்டு கிடந்தார்கள். நிலம் எல்லாருக்கும்தான் ஆடியது. அசைபோட்டவர்களுக்கு அது ஆடி முடியவேயில்லை.

இன்னொரு ஆராய்ச்சி 2000-ல் வந்தது. நியூயார்க்கில் கரீம் நாடெர், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளை வைத்துச் செய்தது. ஒரு சத்தத்தோடு மின் அதிர்ச்சி கொடுத்து எலியைப் பயப்படப் பழக்கினார்கள். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்துப் பயத்தை ஞாபகப்படுத்தி, உடனே மூளையில் அதற்குரிய இடத்தில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பயம் மறைந்துபோனது. ஞாபகப்படுத்தாமல் வெறுமனே மருந்தைச் செலுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, நினைவு என்பது ஒருமுறை எழுதிப் பூட்டி வைத்த பத்திரமில்லை. எடுக்கும்போதெல்லாம் அது இளகுகிறது, பிறகு புதிதாகப் பதிகிறது. எலியில் கண்டதை அப்படியே மனுஷனுக்கு நீட்டிவிடக் கூடாதுதான். ஆனாலும், ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் படுத்துக்கொண்டு, நெஞ்சு படபடக்க, யாரையோ திட்டிக்கொண்டே ஒரு நினைவைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அது எந்த நிறத்தில் பதியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் செல்போன் பெரிய எமன். விபத்து நடந்த இடத்தின் வீடியோ, எரிந்த உடம்பு, கதறும் தாய் என்று வருஷா வருஷம் அதே தேதியில் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒருவர் "மறக்க முடியுமா?" என்று போடுகிறார். பாஸ்டன் மாரத்தானில் 2013-ல் குண்டு வெடித்த பிறகு ஆயிரக்கணக்கானவர்களிடம் விசாரித்த ஒரு ஆய்வு இருக்கிறது. அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மனப் பதற்றம் அதிகமாக இருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு! தயவுசெய்து அந்த வீடியோக்களை அனுப்பாதீர்கள், வந்தால் அழித்துவிடுங்கள். செத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு படத்தைப் போடுங்கள்.

சரி, அப்படியானால் மறந்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். நம் பெரியவர்கள் வாயில் வரும் முதல் ஆறுதலே அதுதான்: "விடு தம்பி, அதையே நெனச்சிட்டு இருக்காத." இதிலும் உஷாராக இருக்க வேண்டும். நினைக்காதே என்று சொன்னால் மனசு கேட்காது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. இனி நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் என்ன இருக்கிறது? அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்று நீர். அதை அடைத்து வைக்க முடியாது. அடைத்தால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். அதனால்தான் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக மோட்டார் ஓட்டி, அளவாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால்தான் உள்ளே ஆள் நின்று வேலை பார்க்க முடியும். துக்கத்தையும் அப்படி அளவாகத்தான் இறைக்க வேண்டும்.

துக்கத்தை அடைப்பதற்கு நம் ஆண்கள் தேடிப்போகும் இடம் டாஸ்மாக். "மறக்கத்தான் குடிக்கிறேன்" என்பவரிடம் ஒன்று சொல்கிறேன். குடி மறக்கவைக்காது. தூக்கத்தைக் கெடுக்கும், விடிந்ததும் பதற்றத்தைக் கூட்டும், அந்தப் பதற்றம் பழைய நினைவையே கையைப் பிடித்துக் கூட்டி வரும். சாயங்காலம் மறுபடி கடை. விபத்தில் தப்பியவரைக் குடிக்குப் பறிகொடுக்கும் குடும்பத்துக்கு அது இரண்டாவது சாவு.

அளவாக இறைப்பது எப்படி? ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்கிறார் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986-ல் அவர் மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாள், தினமும் பதினைந்து நிமிஷம், மனசை அறுத்த விஷயத்தை எழுதச் சொன்னார். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கோ உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கோ அவ்வளவு பலனில்லை. நடந்ததையும், அப்போது மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. இதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பதினைந்து நிமிஷம் ஆனதும் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். எழுத எழுத உடம்பு நடுங்கினால் நிறுத்திவிடுங்கள், அது தனியாகச் செய்யக்கூடிய வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம் சொல்லட்டும், ஊருக்கெல்லாம் வேண்டாம்.

விபத்து நடந்த சூட்டோடு சூடாகத் தப்பியவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கக்கச் சொல்வதும் ஒருகாலத்தில் சிகிச்சையாகவே இருந்தது. பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி ஒரே ஒரு தடவை உட்காரவைத்து விசாரிப்பதால் பலன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதல்கூட ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, வற்புறுத்திச் சொல்லவைக்காதே என்றே சொல்கிறது. பக்கத்தில் இரு, தண்ணீர் கொடு, சாப்பிட வை, வீட்டாரோடு சேர்த்து வை, அவராகச் சொன்னால் கேள். அவ்வளவுதான்.

இனி வடக்குத்தின் இன்னொரு பெரிய கூட்டத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனவர்கள். வேலை முடிந்ததும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்கள். இவர்களுக்கு ஆபத்து கெட்ட நினைவில் மட்டும் இல்லை, நல்ல நினைவிலும் இருக்கிறது. "குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப என்னா நிழலு, என்னா ரோடு! இங்க என்னா இருக்கு?" என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அந்த நல்ல நாட்களைக் கொண்டு இன்றைய நாளை அடிக்கிறார்கள். நாற்பது வருஷ உழைப்பில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டையே தண்டனையாக ஆக்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அது எப்படி வலிக்கும்?

நல்ல நினைவை எடுக்கும்போது மொத்தமாக எடுக்காதீர்கள். மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 1986-ல் ஒன்றைக் கண்டார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சந்தோஷமான நேரத்தைச் சொல்லுங்கள் என்றால், ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்ல அவர்களுக்கு வரவில்லை. பொத்தாம்பொதுவாகத்தான் சொன்னார்கள். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. "அந்தக் காலம் நல்லா இருந்துச்சு" என்பது அப்படிப்பட்ட பேச்சு. அது நெஞ்சை நிரப்பாது, ஏங்கத்தான் வைக்கும். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்த புடவை என்ன நிறம்? நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது கூட வந்தது யார்? தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றபோது அது என்ன கேட்டது? இப்படி ஒரு நாளை, அதன் வாசனையோடு எடுத்துப் பாருங்கள். கூட வந்த அந்த நண்பர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள். நினைவு அங்கே இன்றைய சந்தோஷமாக மாறுகிறது.

நிலம் போனவர்களின் வலி வேறு. சுரங்கத்துக்காக ஊரையே விட்டு வந்தவர்கள், குலதெய்வம் இருந்த இடம் இன்றைக்கு எது என்று கை காட்டக்கூட முடியாதவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெல் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, யாரும் சொல்லவும் கூடாது. மனு எழுதுங்கள், கேஸ் போடுங்கள், கூட்டம் கூடிக் கேளுங்கள். அதற்கு நினைவு வேண்டும், தேதியோடு சர்வே நம்பரோடு வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தைப் பகலில், பத்து பேரோடு, ஒரு காரியத்துக்காகப் பயன்படுத்துங்கள். ராத்திரியில் தனியாக அது உங்களைத் தின்ன விடாதீர்கள். ரத்தக்கொதிப்போடு உங்களைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் வழக்கை யார் நடத்துவது?

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வந்து, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதே, அதைப் பார்த்த சிறுவர்கள் இன்றைக்கு இளைஞர்கள். காற்று அடித்தால் இன்னும் சிலருக்கு வயிறு கலங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையோரத்தில் கடலைப் பார்க்கவே மறுத்த பிள்ளைகளைப் போலத்தான். தேதி நெருங்க நெருங்க காரணம் புரியாமல் எரிந்து விழுவது, தலைவலி, பசியின்மை எல்லாம் வரும். ஆகவே அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குத் தனியாக இருக்க வேண்டாம். கும்பிட வேண்டியதைக் கும்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு வேலையோ, யார் வீட்டுக்காவது போவதோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போன் தானாகப் பழைய படங்களைத் தூக்கிக் காட்டுகிறதா? கூகுள் போட்டோஸிலும் ஃபேஸ்புக்கிலும் குறிப்பிட்ட ஆளையோ தேதியையோ காட்டாதே என்று வைக்க வழி உண்டு. வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இவ்வளவையும் தாண்டிப்போன நிலை ஒன்று உண்டு. விபத்தோ மரணமோ நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி கண் முன்னால் வந்து நிற்கிறது, கனவில் அலறி எழுகிறார், குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுகிறார், பிளாண்ட் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏற மறுக்கிறார் என்றால் அது வைராக்கியக் குறைவில்லை, நோய். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன, குணமாகிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. "அவனுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். கூட வேலை பார்த்தவரை இழந்து தான் மட்டும் தப்பியவர்களுக்கு இது வருகிற எண்ணம்தான். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள். வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-க்கு நீங்களே போன் போடுங்கள்.