வழுக்கையாற்றை மீட்பது தூர்வாருவது மட்டுமா?

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றே ஆறாகக் கருதப்படுகிறது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாகக் குளங்களையும் வயல்களையும் நனைத்தபடி சுமார் 16 கிலோமீற்றர் சென்று அராலியில் கடல்நீரேரியைச் சேரும் இந்த வெள்ளநீர்ப் பாதையைப் புனரமைப்பது என்றதும், தூர்வாருவதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மாரிமழை தேங்கி, சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே இறங்கிக் கிணறுகளை ஊறச்செய்வதற்கு அது தேவைதான். ஆனால் உயிரினங்களின் வாழிடத்தை மீட்க அது மட்டும் போதாது, பிழையாகச் செய்தால் அதுவே கேடாகவும் முடியும்.

கரையின் சாய்வை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். நீர் சிறிது சிறிதாக ஆழமாகும் சரிவில்தான் கோரை வேரூன்றுகிறது, மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன, கொக்கு அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கிறது, விரலளவு நீரில் உள்ளான் சேற்றைக் குத்திப் புழு தேடுகிறது. இயந்திரத்தால் கரையைச் செங்குத்தாக வெட்டிச் சீமெந்துச் சுவரும் எழுப்பிவிட்டால், குளம் நிரம்பியிருந்தும் இப்பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமிராது. மண்ணை இறுகப் பிடித்து நிற்கும் தாழம்புதர்களைப் பற்றையென்று வெட்டி எறிவதும் அதே தவறுதான்.

ஆறு கடல்நீரேரியில் கலக்கும் இடத்தில் தேவை வேறு. உவர்ச் சேற்றில் நின்று, சுவாசிப்பதற்காக வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டும் கண்டல் மரங்கள் மீனுக்கும் இறாலுக்கும் நாற்றங்கால் ஆவதால், அவற்றை நடும் ஆர்வம் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருகியது. எனினும், இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பரிசோதித்து 2017இல் வெளிவந்த ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றும் பிழைக்கவில்லை என்று கண்டது. பொருந்தாத இடத்தில் நட்டதும் நட்டபின் கவனியாமல் விட்டதும் முக்கிய காரணங்கள். வெறுமையாகத் தோன்றும் சேற்றுவெளியும் தரிசு அன்று. தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டி உண்ணும் பூநாரைக்கு அந்தத் திறந்த வெளியே மேய்ச்சல் நிலம்.

1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே செல்லும் வழுக்கையாற்றுக்கோ கரையோர மக்களே காவல். ஆகவே, அடுத்த மாரிக்கு முன் தூர்வார முனையும் பிரதேச சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒவ்வொரு குளத்திலும் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டுவைக்க வேண்டும்.