ரெண்டுங்கெட்டான் சம்பளமும் ஒரு பிரசவமும்

கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி வந்தபோதே ஆரம்பித்துவிட்டார்கள். கோயிலுக்குப் போனால் ஒருத்தி, ரேஷன் கடை வாசலில் ஒருத்தி. "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது. அதுவும் பிரசவ வலியை நினைத்து அல்ல, ஆஸ்பத்திரி பில்லை நினைத்து!

என் கணவருக்கு ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதும் வேலை. ஏழே பேர் வேலை பார்க்கும் கடை என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. சரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம் என்று போனால், அன்றைய வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வருமானம். இவர் சம்பளம் அதைவிடச் சற்று மேலே. ஏழை என்று சொல்லவும் முடியாது, வசதி என்று சொல்லவும் முடியாது. இந்த ரெண்டுங்கெட்டான் நிலையில் என்னைப் போல எத்தனை சகோதரிகள் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பேசினோம். நல்ல மனுஷர், எதையும் மறைக்கவில்லை. "பிரசவத்துக்கு கவர் இருக்கும்மா. ஆனா பாலிசி எடுத்து மூணு வருஷம் கழிச்சுத்தான் கிடைக்கும். அதுவும் 50,000 வரைக்கும்தான்" என்றார். சில பாலிசிகளில் ஒன்பது மாதம், சிலவற்றில் நான்கு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டுமாம். பல பாலிசிகளில் பிரசவமே சேராதாம். அவர் போனதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 22,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 66,000 கட்டி, 50,000 வாங்குவதா? வேறு நோய்க்கும் அந்தப் பாலிசி உதவும், உண்மைதான். ஆனால் எனக்கு அப்போது வயது 29. மூன்று வருஷம் காத்திருக்க மனசு வரவில்லை.

இதற்கிடையில் என் அம்மா வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு அல்லவா? அப்பா போன பிறகு அவளிடம் மிச்சமிருப்பது மூன்று பவுன் சங்கிலி ஒன்றுதான். "நீ ஏண்டி கவலைப்படறே? சங்கிலியை வச்சு ஜாம்ஜாம்னு நர்ஸிங் ஹோம்ல பார்த்துடலாம்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடகுக்குப் போகும் நகை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற சுகாதார நர்ஸ் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் நர்ஸக்கா. அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாள் தள்ளிப் போனப்புறம் வர்றதுதான் எல்லாரும் பண்ற தப்பு. நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைப் பாரு" என்றார்.

பார்த்தால், ஹீமோகுளோபின் 8.8! பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். நான் ஏதோ வேலை அதிகம், அதனால் அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரத்தத்தோடு பிள்ளை உண்டாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தன. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள், இலவசமாகத்தான்.

மாத்திரை விழுங்குவது பெரிய காரியமில்லை. காபியை விடுவதுதான் பெரும்பாடு! காவிரிக்கரைக்காரி நான், காலையில் டிகாக்ஷன் வாசனை வந்தால்தான் எனக்குக் கண்ணே திறக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது, குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஒட்டும் என்றார்கள். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து ஓடினேன். "அது மாத்திரையோட நிறம்தான், போ" என்று நர்ஸக்கா சிரித்தார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை என்று ஐந்து மாதம் தவம் இருந்ததில் 11.9-க்கு ஏறியது.

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தயவுசெய்து யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே, தினம் 400 மைக்ரோகிராம் வீதம் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் முதல் 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள் நமக்குப் பிள்ளை உண்டானதே தெரிந்திருக்காதே! பிறகு ஆரம்பித்தால் அந்தக் குறைக்குப் பயன்படாது.

பண விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 4,000 ரூபாய்க்கு பாங்கில் ஆர்.டி. போட்டோம். இவர் பைக்கை மாற்றும் ஆசையை விட்டார். நான் டியூஷனில் இரண்டு பிள்ளைகளைக் கூடச் சேர்த்துக்கொண்டேன். ஒரு நர்ஸிங் ஹோமில் போய் ரேட் கேட்டோம். சுகப்பிரசவம் 45,000, ஆபரேஷன் என்றால் 90,000 என்றார்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஆபரேஷன்தான். ஆகவே 90,000 என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நான் இன்னொன்றும் கேட்டேன்: "குழந்தையை இன்குபேட்டர்ல வச்சா?" அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு 8,000." தாய்க்கு ஆகும் செலவைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள், குழந்தைக்கு வரும் பில்லை யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில், சேமிப்பு ஆபத்துக்கு, அம்மாவின் சங்கிலி அவள் கழுத்தில்.

வீட்டில் பிரளயம்! "எங்க வீட்டு மருமக தர்மாஸ்பத்திரியிலயா பெத்துக்கணும்? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டார்கள். இவரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏங்க, நாலு பேரும் பில் கட்ட வருவாங்களான்னு அத்தையைக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வாய்த்துடுக்குத்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

உண்டானதும் பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிவு செய்தோம். பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள். தனியாரில் பெற்றுக்கொள்கிறவர்களுக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் என்று ஆக்கியிருக்கிறார்கள். 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. நமக்குத்தான் ரெண்டுங்கெட்டான் சம்பளமாயிற்றே, அது கிடைக்கவில்லை. தகுதி உள்ளவர்கள் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் 2011-ல் வந்த இன்னொரு ஏற்பாட்டுக்கு வருமானக் கணக்கே கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் அப்படியே.

ஒவ்வொரு மாதமும் 9-ந் தேதி கர்ப்பிணிகளுக்கென்று சிறப்பு டாக்டர் பார்ப்பார். எட்டாம் மாதம் முடிந்து போனபோது ரத்த அழுத்தம் 150/100. கால் வீக்கத்தைச் சாதாரணம் என்று நினைத்திருந்தேன். சிறுநீரிலும் புரதம். அங்கிருந்தே 108-ல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை, 1,900 கிராம்.

பன்னிரண்டு நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: வார்டில் கூட்டம் நெரிந்தது. குளியலறைப் பக்கம் போகவே கூசும். குழந்தையைக் காட்டுவதற்கு ஒரு பணியாள் கை நீட்டியபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் டாக்டர் இருந்தார், குழந்தையைப் பார்த்த நர்ஸ் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

எடை ஏறுவதற்காகக் குழந்தையை மார்போடு மார்பாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கங்காரு முறை என்று. தையல் வலியில் எனக்கு அதிக நேரம் முடியவில்லை. தர்மாஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்ற அத்தைதான் கையைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்து மூடி, மணிக்கணக்கில் அவளைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிச் சாப்பாடு, ஆட்டோ, துணிமணி, அந்தக் கை நீட்டியவர் உட்பட மொத்தச் செலவு 19,400. ஆர்.டி.யில் இருந்தது 64,000. நர்ஸிங் ஹோமில் ஆபரேஷனும் பன்னிரண்டு நாள் இன்குபேட்டரும் என்றால் 1,86,000. சங்கிலி மட்டுமா, வீட்டுப் பத்திரமும் போயிருக்கும்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது அதே ஏஜெண்ட் வந்தார். இந்தத் தடவை மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்துவிட்டோம். "பிரசவ கவரும் சேர்க்கட்டுமா? மூணு வருஷம் காத்திருக்கணும்" என்று பழையபடி இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "சேர்த்துக்கோங்க தம்பி. அடுத்ததுக்கு மூணு வருஷ இடைவெளி இருக்கணும்னு அந்த டாக்டரம்மாதான் சொல்லியிருக்காங்களே!"