நிக்கலைப் பிடித்துவைக்கும் சிலிக்கா

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் தங்கத்துக்கு இருக்கும் மதிப்பில் பாதி, அது எதனோடும் சேராமல் கறுக்காமல் கிடப்பதால் வந்தது. அதே தங்கத்தைச் சில நானோமீட்டர் துகள்களாக்கி இரும்பு ஆக்சைடின் மேல் பதித்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்துவைக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் மசடாகே ஹருடா 1987இல் இதை வெளியிட்டார்.

துகள் சிறுக்கச் சிறுக்க, வெளிப்பரப்பில் நிற்கும் அணுக்களின் பங்கு கூடுகிறது. அவற்றைச் சுற்றிப் பிணைய அணுக்கள் குறைவு. அதனால் வருகிற வாயுவைப் பற்றிக்கொள்கின்றன. சிக்கலும் அதில்தான். பக்கத்துத் துகளையும் விடுவதில்லை. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள்போல ஒன்றாகித் திரண்டுவிடுகின்றன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிபுட்ஜிங் காவியின் குழு நெடுங்காலமாக மல்லுக்கட்டுவது இதனோடுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட வினை, கரியமில வாயுவையும் மீத்தேனையும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கலவையாக மாற்றுவது. வினையூக்கி, விலை மலிவான நிக்கல். நிக்கல் உருகுவது 1455 டிகிரியில். வினை நடப்பதோ 700, 800 டிகிரியில். பிறகென்ன பயம்? உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால் வரும் வெப்பத்திலேயே உலோக அணுக்கள் நகரத் தொடங்கும் என்பது துறையின் உத்தேசக் கணக்கு. நிக்கலுக்கு அது ஏறக்குறைய 590 டிகிரி. திரண்ட நிக்கலின்மேல் கரி இழை இழையாக வளர்ந்து வினையையே நிறுத்திவிடும்.

அந்தக் குழு கையாண்ட வழி எனக்குப் பிடித்தது. களிமண் கனிமங்களைப் போன்ற சிலிக்கேட் அடுக்குகளுக்குள் முதலில் நிக்கலைக் கட்டிவைக்கிறார்கள். ஹைட்ரஜனில் சூடாக்கியதும் உலோகம் நுண்துகளாக வெளிவருகிறது. ஆனாலும் சிலிக்கேட்டோடு உள்ள பிடி விடுவதில்லை. சுற்றி நுண்துளைச் சிலிக்கா ஓடு போட்டால் வாயு நுழையும், துகள் நகராது. துகள்களைத் தாங்கும் பொருள் சீரியம் ஆக்சைடானால் இன்னொரு லாபம்: தன் ஆக்சிஜனைக் கொடுத்துப் படியும் கரியைக் கரைத்துவிடும்.

பிடி மிஞ்சினாலும் கெடுதல். டைட்டானியம் ஆக்சைடில் பதித்த பிளாட்டினம் போன்ற உலோகங்கள், ஹைட்ரஜனில் கடுமையாகச் சூடாக்கியபின் வாயுவைப் பற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுவதை 1978இல் டாஸ்டர் என்ற ஆய்வாளரின் குழு கண்டது. ஆக்சைடு மெல்ல ஏறி உலோகத்தை மூடிவிடுவது பின்னால்தான் புரிந்தது.

சிங்கப்பூரில் கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45. அதனால் கரியமில வாயுவைப் பயன்படுத்திக்கொள்ளும் இந்த வினை, ஜூரோங் தீவின் ரசாயன ஆலைகளுக்கு வெறும் ஆய்வுக்கூட விஷயமில்லை. ஆனால் அந்த 800 டிகிரியை எரிவாயு எரித்தே எட்டுவதானால், நிக்கல் எவ்வளவு உறுதியாக ஒட்டியிருந்தாலும் கணக்கு இடிக்கும்.