சுற்றுலாத் தலங்களில் மின்னேற்ற நிலையங்கள்

மின் ஊர்திகள் நகரங்களில் பெருகி வருகின்றன. அவை தொலைவிலுள்ள சுற்றுலாத் தலங்களுக்கும் செல்ல வேண்டுமாயின், வழியிலும் சேருமிடத்திலும் மின்னேற்ற வசதி இன்றியமையாதது. ஆயின், இத்தலங்களுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. தேவை பருவத்தைச் சார்ந்தது. செலவோ ஆண்டு முழுவதற்குமானது.

இமாசலப் பிரதேசத்திலுள்ள மணாலி இதற்குத் தக்க சான்றாகும். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 3,978 மீட்டர் உயரத்தில் ரோத்தாங் கணவாய் அமைந்துள்ளது. வாகனப் புகையால் இம்மலைப்பகுதி மாசுறுவதைக் கருதி, அங்குச் செல்லும் பெட்ரோல், டீசல் ஊர்திகளின் எண்ணிக்கைக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு விதித்தது. 2017-இல் மாநிலப் போக்குவரத்துக் கழகம் இத்தடத்தில் மின் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ஏற்றத்தில் மின்கலம் விரைவில் குறைகிறது. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக இயங்கி, அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. கோடையில் கூட்டம் மிகும். குளிர்காலத்திலோ பனியால் கணவாய் மூடப்படுகிறது.

பருவமும் செலவும்

ஒரு 60 கிலோவாட் மின்னேற்றி, பருவ காலத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் முழுத்திறனில் இயங்கினால் 480 யூனிட் விற்பனையாகும். பிற காலத்தில் ஒரு மணி நேரமே இயங்கினால் 60 யூனிட்தான். பயன்பாட்டைப் பொருட்படுத்தாது நிலைக்கட்டணம் வசூலிக்கப்படுமாயின், யூனிட் ஒன்றின்மீது விழும் சுமை எட்டு மடங்காகிறது. சிறு முதலீட்டாளர் தயங்குவதற்கு இதுவே முதற்காரணம்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இச்சுமையைக் குறைக்க முற்பட்டுள்ளன. அவற்றின்படி, பொது மின்னேற்ற நிலையங்களுக்கான கட்டணம் 2028 மார்ச் 31 வரை பயன்பாட்டை மட்டுமே சார்ந்த ஒற்றைக் கட்டணமாக இருத்தல் வேண்டும். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை அது சராசரி வழங்கு செலவில் 0.7 மடங்காகும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகும். மேலும், 10,900 கோடி ரூபாய் மதிப்பிலான ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் 2,000 கோடி ரூபாய் மின்னேற்ற வசதிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

நிலையான வாடிக்கை

எனினும், மின்மாற்றிக்கும் மின்பாதைக்கும் ஆகும் செலவு சலுகையால் மறைந்துவிடுவதில்லை. அதனை வேறு நுகர்வோரோ அரசோ ஏற்க நேரிடுகிறது. எனவே, சலுகைக் காலம் முடிவதற்குள் ஆண்டு முழுவதும் நீடிக்கும் வாடிக்கையை உருவாக்குவது அவசியம். உள்ளூர்ப் பேருந்துகளும் வாடகைக் கார்களும் அதற்கு அடித்தளமாக அமையலாம். விரைவு மின்னேற்றிகளைப் பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுவினால் பருவம் கழிந்த பின்னும் அவை பயன்படும். பகலில் வாகனங்கள் நிறுத்தப்படும் இடங்களில் குறைந்த கட்டணத்தின் பலன் கிட்டும். தங்கும் விடுதிகளுக்கு எளிய 3.3 கிலோவாட் இணைப்பே போதும். இரவில் 10 மணி நேரத்தில் அது 33 யூனிட் வரை வழங்கும். இதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை.

திறக்கப்பட்ட நிலையங்களின் எண்ணிக்கை மட்டும் முன்னேற்றத்தின் அளவுகோல் ஆகாது. பயணிகள் வராத மாதங்களில் அவை எத்தனை யூனிட் விற்றன என்பதே திட்டத்தின் உறுதியைக் காட்டும்.