காதில் விழுந்த ஓபரா, கண்ணில் ஓடும் ஓபரா

ஓஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். 1918-இல் அங்கே தொடங்கிய ஓபரா கோமிக் அரங்கில், இருபதுகளில் இருந்த கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், வெர்டியின் 'முகமூடி நடன'த்தில் அமேலியாவாகப் பாடினார். இத்தாலிய ஓபராதான், பாடியது நார்வே மொழியில். கதையும் அந்த ஊருக்கு அண்டைவீட்டுச் சமாச்சாரமே. 1792-இல் நடன விருந்தில் சுடப்பட்ட ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் கதை அது. தணிக்கைக்காரர்களின் கெடுபிடியால் வெர்டி அதை பாஸ்டன் நகருக்குக் கடத்த வேண்டியிருந்தது.

உள்ளூர் மொழியில் பாடுவதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதுதான் வழக்கம். வெளியூர் நட்சத்திரம் வந்தால் அவர் தன் மொழியில் காதலைச் சொல்வார், கதாநாயகி உள்ளூர் மொழியில் பதில் சொல்வாள், சபை கைதட்டும். பாடுகிறவர்களுக்குத்தான் பாடு. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிபவை, குரல் தாராளமாக நீளும். நார்வேச் சொற்களில் பல மெய்யெழுத்தில் முடிந்து, உச்சஸ்தாயியில் வாயை அடைத்துவிடும்.

வசதி என்று பெரிதாக ஏதுமில்லை. அரங்கை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் வார்னாய், பாடகி மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தவர். அந்தக் குழந்தையை ஃபிளாக்ஸ்டாட்டின் ஒப்பனை அறையில், மேசையின் அடி இழுப்பறையில் தூங்க வைப்பார்களாம். அதுதான் பின்னாளில் வாக்னர் பாடல்களால் புகழ்பெற்ற ஆஸ்ட்ரிட் வார்னாய். அரங்கு 1921-இல் மூடப்பட்டது. நாட்டுக்கு நிரந்தர ஓபரா நிறுவனம் அமைய 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் முதல் இயக்குநரும் ஃபிளாக்ஸ்டாட்தான்.

இன்று ஓஸ்லோ ஓபரா மாளிகை, 2008-இல் திறக்கப்பட்டது, கடலோரம் வெள்ளைப் பளிங்குச் சரிவாகக் கிடக்கிறது. கூரைமேல் யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். உள்ளே இத்தாலிய ஓபரா இத்தாலிய மொழியிலேயே ஒலிக்கிறது. 2012-இல் மேடை இயக்குநர் ஸ்டெஃபான் ஹெர்ஹைம், 'லா போஹேம்' ஓபராவின் நாயகி மிமியைப் புற்றுநோய் மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தினார். நார்வேக்காரரான அவரே அத்தனையையும் மாற்றினார், மொழியை மட்டும் தொடவில்லை. காரணம் எளிது. பாடகர்கள் ஒரு பாத்திரத்தை ஒரே மொழியில் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கிறார்கள். சொற்களுக்கு, இருக்கைதோறும் சிறு திரை இருக்கிறது. நார்வே மொழி, ஆங்கிலம், மூலம் என்று தேர்ந்துகொள்ளலாம்.

மூலமொழியில் பாடுவது குரலுக்கு லாபம், சந்தேகமில்லை. நகைச்சுவைக்குத்தான் நஷ்டம்: பாடகர் வாய் திறக்குமுன்னே, வரியைப் படித்துவிட்ட வரிசைகள் சிரித்துவிடுகின்றன.