கேமரா முன் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு என்ன உரிமை?

2021 ஜனவரியில் நடந்தது இது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் இணையவழியில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், பேராசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தேடினார். கிடைத்தது இரங்கல் குறிப்பு. வீடியோவில் பாடம் நடத்திவந்த பிரான்சுவா மார்க் கான்யோன் 2019-லேயே காலமாகிவிட்டார். மதிப்பெண் போடவும் வகுப்பைக் கவனிக்கவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். பாடம் மட்டும் பழைய பதிவிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருமுறை பதிவான பாடம் எத்தனை ஆண்டு ஓடும், யாருக்கெல்லாம் போகும், அதில் வரும் வருமானம் யாருக்கு? இந்தக் கேள்விகள் நம் கல்லூரி ஆசிரியர்களிடமும் வந்து நிற்கின்றன. 2003-ல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளம் வந்தது. ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்து கிரெடிட் பெறலாம் என்று 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி செய்தது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கல்விப் பல்லூடக மையங்கள் இயங்குகின்றன. தனியார் கல்லூரிகள் பலவும் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கின்றன.

ஸ்டுடியோவில் விளக்கு எரிகிறது, சட்டையில் மைக் மாட்டியாயிற்று. அந்த நேரத்தில்தான் ஒரு தாளை நீட்டுகிறார்கள். “அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், எவ்விதக் கோரிக்கையுமின்றி நிறுவனத்துக்கு அளிக்கிறேன்” என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துக்கு இடம். படித்துப் பார்க்க நேரம் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பலர் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் வைத்திருந்து படியுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளும் நிர்வாகத்திடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. ஸ்டுடியோ செலவைக் கல்லூரி ஏற்றிருந்தால் வீடியோவின் உரிமையும் பெரும்பாலும் கல்லூரிக்கே போகும். ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பேசி, எழுதி வாங்கிக்கொள்ளச் சட்டமே விட்டிருக்கும் இடம் அது. வெளியிலிருந்து பாடம் எழுதித் தரும் நிபுணர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அவர் எழுதிய பாடக் குறிப்பும் ஸ்லைடும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அவருடையவைதான்.

அப்படி மாற்றிக் கொடுப்பதற்கும் பிரிவு 19 நிபந்தனை வைக்கிறது. எழுத்தும் கையெழுத்தும் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்பது தாளில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.

ஆசிரியர்களில் பெரும்பாலோர் கேள்விப்படாத ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், பாம்பாட்டி என்று நிகழ்த்துநர்களை வரிசையாகச் சொல்லும் விளக்கத்தில் ‘விரிவுரை ஆற்றுபவர்’ என்றும் இருக்கிறது. மேடையில் பாடுபவருக்கு உள்ள நிகழ்த்துநர் உரிமை வகுப்பெடுக்கும் உங்களுக்கும் உண்டு. அது 50 ஆண்டுகள் நிற்கும். வீடியோவில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்தபின் அதன் வழக்கமான பயன்பாட்டை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் அதை வணிக நோக்கில் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கலாம். இது 2012 திருத்தத்தில் வந்தது. அரசு நிதியில், மாணவர்களுக்கு இலவசமாக உருவான பாடத்தை நாளை ஒரு தனியார் கற்றல் செயலி சந்தாவுக்கு விற்றால், உங்கள் பங்கு எங்கே என்று கேட்க இதுவே பிடி.

உரிமையை மாற்றிக் கொடுத்துக் கையெழுத்திட்டாலும் கைவிட்டுப் போகாதது பெயர். படைப்பாளர் என்று அடையாளம் காட்டச் சொல்லவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் பிரிவு 57 உரிமை தருகிறது. பதிப்புரிமையை விற்ற பிறகும் அது உண்டு. நிகழ்த்துநருக்கும் இதே போன்ற உரிமையைப் பிரிவு 38-பி தருகிறது. பெயருக்காக ஏன் இவ்வளவு மன்றாட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஆசிரியரின் பதவி உயர்வே இதில் தொங்குகிறது. யுஜிசி 2018-ல் வெளியிட்ட விதிமுறைகளில், 4 கிரெடிட் கொண்ட முழு ‘மூக்’ (அனைவருக்கும் திறந்த இணையவழி) பாடத்தை உருவாக்கினால் 20 புள்ளி. ஒரு தொகுதிக்கு 5. ஒருங்கிணைப்பாளராக இருந்தால் 8. முழு மின்பாடம் ஒன்றுக்கு 12. பணியிலிருந்து விலகியவரின் பெயரை நீக்கிவிட்டு, அதே ஸ்லைடுகளில் வேறொருவர் பெயரைப் போடுகிறார்கள் என்றால், அங்கே பறிபோவது இந்தப் புள்ளிகளும்தான். அதனால் பதிவு முடிந்த வாரமே, பாடத்தின் பெயர், தொகுதி எண், நீங்கள் செய்த வேலை என மூன்றையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். துறைத்தலைவர் மாறிய பிறகு அந்தத் தாளுக்காக நடப்பது பெரும்பாடு.

சில இடங்களில் ஆபத்து நம் பக்கத்திலிருந்தே வருகிறது. வகுப்பறையில் பாடம் சொல்லும்போது பிறர் படைப்பை எடுத்தாள ஆசிரியருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக நகலகம் மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே எடுத்துச் சொன்னது. ஆனால் உலகமே பார்க்கும் யூடியூபில் ஏற்றப்படும் பாடத்துக்கு அதே விலக்கு கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பாடநூலிலிருந்து ஸ்கேன் செய்த படத்துக்காக வழக்கு வந்தால் செலவு முழுவதும் ஆசிரியருடையது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்தப் பொறுப்பை உங்களுக்குத் தெரிந்து நடந்த தவறுக்கு மட்டும் என்று குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரலையும் முகத்தையும் வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புதிய பாடம் தயாரிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் இதைவிட முக்கியமான வரி வேறில்லை என்பது என் கருத்து.

இணையவழிக் கல்வித் துறையில் வேலை தேடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைனிலேயே பிஎச்.டி. தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களை நம்ப வேண்டாம். அத்தகைய பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. மின்பாட வடிவமைப்பாளராகத் திட்டப் பணியில் சேர்ந்தால் பணி ஆணையை எழுத்தில் கேளுங்கள். பிஎஃப் பிடித்தம் செய்தால் அந்தப் பணம் கட்டப்படுகிறதா என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

தகராறு வந்துவிட்டால் முதலில் பதிவாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. பெயர் நீக்கப்பட்ட பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்: உங்கள் பாடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்த ஒப்பந்தத்தில், எவ்வளவு வருமானம் என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பாடத்தை யாரோ தங்கள் சேனலில் ஏற்றியிருந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தளம் 21 நாள் அதை நிறுத்தி வைக்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தர வேண்டும். வழக்குக்காக எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை; நீங்கள் வசிக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கப் பிரிவு 62 இடம் தருகிறது. பாடக் குறிப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அது நல்ல ஆதாரம்.

பெண் ஆசிரியர்களின் வகுப்பு வீடியோவை வெட்டி, ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அன்றே பதியுங்கள். கல்லூரியின் உள் புகார்க் குழுவிடமும் 3 மாதத்துக்குள் கொடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எவரும் நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.