பழுதான டிராக்டரும் பாக்கித் தவணையும்

பெரட்டு முடிந்து தொழிலாளர்கள் தீம்பாருக்குப் பிரிந்து செல்லும் அதிகாலை வேளையில், டிராக்டரின் ஓசை தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் பழகிய ஒன்றாகும். பால் தொட்டியை இழுத்துச் செல்லும் அந்த டிராக்டர் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அது பழுதுபட்டு நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டியவர்கள் துரையும் கிராணியுமே. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் தாமே தவணைமுறையில் டிராக்டர் வாங்கி, அக்கம்பக்கத்துச் சிறுதோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றவும், மறுநடவுக்கு நிலம் உழவும், ரப்பர் கட்டி ஏற்றவும் குத்தகை எடுத்து உழைத்து வருகின்றனர். அவ்வாறு உழைக்கும் ஒருவருடைய கையில் பட்டறைக்காரர் ஒரு நாள் ஒரு சீட்டைத் தருகிறார். அதில் 11,400 வெள்ளி என்று எழுதியிருக்கிறது. மாதத் தவணை 1,150 வெள்ளி. கையிருப்போ இரண்டாயிரத்தைத் தாண்டாது. இந்நிலையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். (இங்கே காட்டும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக அமைத்துக் கொண்டவை.)

பெரும்பாலோர் செய்வது ஒன்று உண்டு. “முதலில் வண்டி ஓடட்டும், ஓடினால்தானே காசு” என்று எண்ணி, அந்த மாதத் தவணையைப் பட்டறையில் கட்டிவிடுவார்கள். நிதி நிறுவனத்துக்கு ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதமும் அவ்வாறே கழியும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், பழுதுச் செலவு ஒரு கடன், தவணை வேறொரு கடன் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். டிராக்டர் நின்றுவிட்டது என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. தாமதக் கட்டணமும் அதன்மேல் ஏறுகிறது.

வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை செலுத்தும் வரை டிராக்டரின் உரிமையாளர் நிதி நிறுவனமே ஆகும். ஓட்டுகிறவர் அதனை வாடகைக்கு வைத்திருப்பவர். முழுப்பணமும் கட்டிய பின்னரே அது அவருக்குச் சொந்தமாகும். ஆயினும் அதனை நல்ல நிலையில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்பந்தம் அவர் தலையிலேயே சுமத்துகிறது. ஆகவே உரிமை ஒருவரிடமும் செலவு மற்றொருவரிடமும் இருப்பது இந்த ஏற்பாட்டின் இயல்பு. காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நம்புவதுண்டு. விபத்துக்கும் திருட்டுக்கும் எடுத்த காப்பீடு, தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பணம் தருவதில்லை.

இங்கு ஒரு முக்கியச் செய்தியைக் கூறியாக வேண்டும். நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் நடப்பில் இருக்கிறது. தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய தொழிலாளிக்கு இச்சட்டம் நல்ல பாதுகாப்பு. அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறினாலன்றி (அல்லது கடைசித் தவணை தவறினாலன்றி) வண்டியை எடுக்க இயலாது. அப்போதும் எழுத்து மூலமான அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ரொக்க விலையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து, 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நீதிமன்ற உத்தரவின்றி வண்டியை எடுத்துச் செல்ல முடியாது.

ஆனால் டிராக்டர் வாங்கியவர் இச்சட்டத்தை நம்பி வாளாவிருத்தல் ஆகாது. சட்டத்தின் முதல் அட்டவணை எந்தெந்தப் பொருள்களுக்கு இது பொருந்தும் என்று கூறுகிறது: வீட்டுக்கும் குடும்பத்துக்கும் வாங்கும் பொருள்கள், மோட்டார் சைக்கிள், டாக்சி உள்ளிட்ட கார், பேருந்து, மொத்த எடை 2,540 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டி, உடல் ஊனமுற்றோர்க்கான வண்டி ஆகியவையே அவை. தொழிலுக்கென வாங்கும் டிராக்டர் அப்பட்டியலில் இல்லை. எனவே எத்தனை நாள் அவகாசம், எப்போது எடுத்துச் செல்லலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது நாம் கையொப்பமிட்ட ஒப்பந்தமே. அதனைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வாசிக்க வேண்டிய நாள், பட்டறைச் சீட்டு கைக்கு வந்த நாள்தான். மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அந்தத் தாள்கள் புரியவில்லையெனில், தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு செல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. நானும் ஒரு காலத்தில் ஆசிரியராய் இருந்தவன். பள்ளி விட்ட பிறகு இத்தகைய தாள்களோடு வந்து நின்றவர்கள் பலர். காலம் கடந்து வந்தவர்களும் அவர்களில் பலர்.

பிணையாளர் ஒருவர் கையொப்பமிட்டிருந்தால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. பெரும்பாலும் அவர் மைத்துனராகவோ, அதே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். டிராக்டர் பறிமுதலாகி ஏலத்தில் போனால், ஏலத் தொகை கடனுக்கு எட்டாவிட்டால், மீதத்தைக் கேட்டு நிறுவனம் அவர் வீட்டுக்கும் வரும். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது.

இனிப் பட்டறைச் சீட்டைப் பார்ப்போம். கட்ட முடியாத தொகை என்று மலைக்குமுன், அத்தொகை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 11,400 வெள்ளி மூன்று பகுதிகளைக் கொண்டது: கிளட்ச் வேலை 4,300, ஹைட்ராலிக் பம்ப் 3,100, பின் டயர்கள் இரண்டும் 4,000. இவற்றுள் டிராக்டரை நிறுத்தியது கிளட்ச் மட்டுமே. டயர் தேய்ந்திருக்கலாம், ஆனால் கம்பி வெளியே தெரியாமல், வெடிப்பின்றி இருந்தால் மேட்டு நிலத்தையும் மழைக்கால வேலையையும் தவிர்த்துச் சில மாதங்கள் ஓட்டலாம். எனவே அது பிறகு செய்ய வேண்டிய செலவு.

ஹைட்ராலிக் பம்ப் பற்றி நிதானமாக விசாரிக்க வேண்டும். பின்புறக் கைகள் சுமையைத் தூக்கவில்லை என்றவுடன் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவது வழக்கம். எண்ணெய் அளவு குறைந்திருந்தாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும் அதே குறைதான் தோன்றும். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெயை மாற்றிப் பார்த்து, அப்போதும் தூக்காவிட்டால் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அளக்காமலே பம்பை மாற்றச் சொல்லும் பட்டறையை விட்டு வேறொருவரிடம் கேட்பதே நல்லது. இயந்திரம் சூடாவதும் இப்படித்தான். ரேடியேட்டரின் இடுக்குகளில் சருகும் தூசியும் எண்ணெயோடு கலந்து அடைத்துக் கொள்வதால் சூடேறலாம். தண்ணீர் பம்பின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யச் சிறு தொகை போதும். ஆனால் அளவுகோலை இழுத்துப் பார்க்கையில் இயந்திர எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் இயந்திரத்தை மேலும் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ஓட்டினால் ஆயிரத்தில் முடிய வேண்டியது பத்தாயிரமாகும்.

கிளட்ச் வேலையில் இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் கிளட்சை மாற்ற வேண்டுமெனில் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்தப் பிரிக்கும் கூலிதான். ஆகையால் பிரித்த நேரத்தில் கிளட்ச் தட்டை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த பேரிங்கையும் கசியும் சீலையும் விட்டுவைப்பது சிக்கனமன்று. அவற்றின் விலை அற்பம். அடுத்த ஆண்டு அவற்றுக்காக மறுபடி பிரிக்கும் கூலி அற்பமன்று. எதனைத் தள்ளிப்போடலாம், எதனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை இப்படிப் பிரித்துப் பார்த்தால், 11,400 வெள்ளிச் சீட்டு இப்போதைக்கு 4,700 வெள்ளியளவில் நின்றுவிடக் கூடும்.

வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். “பார்த்துச் செய்யுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்” என்ற நட்புச் சொல் பின்னால் வில்லங்கமாகும். செய்யச் சொன்ன வேலைக்கான கூலி கிடைக்கும் வரை டிராக்டரைத் தம்மிடமே நிறுத்தி வைக்கும் உரிமை, ஒப்பந்தச் சட்டப்படி பட்டறைக்காரருக்கு உண்டு. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பதும் முறையே.

இதனைச் செய்த கையோடு நிதி நிறுவனத்துக்குப் போக வேண்டும். தவணை நாளுக்கு முன்பே போக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தவணை தவறாதவராக அங்கே போய் நிற்பவருக்கும், இரண்டு மாதம் தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிட்டுப் போகிறவருக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றாக இராது. பட்டறை மதிப்பீடு, இதுவரை கட்டிய ரசீதுகள், குத்தகை கொடுத்தவரின் கடிதம், டிராக்டர் எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பும் என்ற விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல் திட்டமான ஒன்றைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு 1,150 வெள்ளிக்குப் பதில் 600 வெள்ளி கட்ட அனுமதி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 550 வெள்ளி மிஞ்சும். ஆறு மாதத்தில் 3,300 வெள்ளி. 4,700 வெள்ளிப் பழுதில் முக்கால் பங்கை நெருங்கும் தொகை இது. கடன் காலம் நீளும், வட்டியும் கூடும். எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதிகாரி வாயால் “சரி” என்றது போதாது. புதிய ஏற்பாடு கடிதமாக வரும் வரை பழைய தவணையே நடப்பில் இருப்பதாகக் கொள்க.

சில வேளைகளில் பழுது பார்ப்பதே நட்டமாகும். அதற்கும் ஒரு கணக்குண்டு. கரும்பலகைப் பழக்கம் என்னை விடவில்லை, பொறுத்தருள்க. டிராக்டர் இன்றுள்ள நிலையில் 20,000 வெள்ளிக்கு விலை போகும், 4,700 வெள்ளி செலவழித்தால் 32,000 வெள்ளி பெறும் என்றால், விற்பதாயிருந்தாலும் பழுது பார்த்து விற்பதே இலாபம். மாறாக, இயந்திர உடலே வெடித்துப்போய், 15,000 வெள்ளி செலவழித்தும் விலை 12,000 வெள்ளிதான் உயரும் என்றால், அச்செலவை நியாயப்படுத்தக் கையில் உறுதியான நீண்ட காலக் குத்தகை இருக்க வேண்டும். இல்லையெனில் நிறுவனத்தின் சம்மதத்தோடு விற்றுக் கடனைக் குறைப்பதே வழி. நாமே வாங்குபவரைத் தேடி விற்றால், பறிமுதலுக்குப்பின் ஏலத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைப்பதற்கு வாய்ப்புண்டு. ஆனால் நிறுவனத்துக்குத் தெரியாமல் விற்பதும், பாகங்களைக் கழற்றி விற்பதும் பிறருடைய உடைமையை விற்பதாகும். அது கடன் பிரச்சினையைப் போலீஸ் வழக்காக மாற்றிவிடும்.

மீதித் தொகைக்கு என்ன வழி? கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராயிருப்பவர் முதலில் அங்கே கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட சேமநிதி உறுப்பினர்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று ஏற்பட்டுள்ளது. மாதச் சந்தாவில் நூற்றுக்குப் பத்து அதில் சேர்கிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அதனை எடுக்கலாம். முதுமைக்கான பணம் என்பதால் இதனைத் தயக்கத்தோடுதான் குறிப்பிடுகிறேன். ஆயினும் அடுத்து வரும் வழியைவிட இது மேல்.

அந்த வழி ஆ லோங். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், 1951-ஆம் ஆண்டின் வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஈடு வைத்தால் பன்னிரண்டு. 5,000 வெள்ளிக்குப் பதினெட்டு விழுக்காடு என்பது மாதம் 75 வெள்ளி. மாதத்துக்குப் பத்து விழுக்காடு கேட்கும் ஆ லோங்குக்கு அதே கடனில் மாதம் 500 வெள்ளி. பத்து மாதம் கட்டினால் 5,000 வெள்ளி கொடுத்திருப்போம். முதல் 5,000 வெள்ளி அப்படியே நிற்கும். வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் ஈடாகக் கேட்பவர் எவராயினும் எழுந்து வந்துவிடுங்கள்.

தவணையோடு மோட்டார் சைக்கிள் கடன், வீட்டுக் கடன் என்று வேறு சுமைகளும் சேர்ந்து நெருக்கினால், பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, கடன் தாள்கள், மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு போக வேண்டும். கடன்கள் அனைத்தையும் ஒன்றாகப் பார்த்து, கட்டக் கூடிய தொகையை வகுத்து, வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். போகும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கைச் சரியாகச் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் அவரே.

பிணையாளருக்கும் அதே வாரத்தில் செய்தி சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் கடிதம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுமுன், பட்டறைச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் அவர் உங்கள் கையிலிருந்து வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.